அனாதை என்று எழுதியவர் மேல் என்ன வழக்கு?

ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் கூட்டுக் குழு ஒன்று 2017 டிசம்பரில் நவீன அடிமைமுறை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அனாதை இல்லங்களுக்காக நடக்கும் குழந்தைக் கடத்தல் பற்றி அதில் தனி அத்தியாயமே உண்டு. ஏழை நாடுகளில் பெற்றோர் உயிரோடு இருக்கும் பிள்ளைகளை ஆள் வைத்துப் பிடித்து வருகிறார்கள், அனாதை என்று தாளில் எழுதுகிறார்கள், அந்தத் தாளைக் காட்டிப் பணக்கார நாட்டு மக்களிடம் நன்கொடை வாங்குகிறார்கள் என்று அந்த அத்தியாயம் சொல்கிறது. இப்படி உருவாகும் பிள்ளையை ஆஸ்திரேலியச் சட்ட ஆய்வாளர் காத்ரின் வான் டோர் 'காகித அனாதை' என்று குறிப்பிடுகிறார். 'வெளிநாட்டு அனாதை இல்லங்கள்' என்றே அங்கே விவாதம் நடந்தது. நூலகத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த எனக்குப் பாதியில்தான் உறைத்தது. அவர்கள் சொல்லும் வெளிநாடு நாம்தான். எங்கள் தென்னேரிக் காலனியும் அந்த வெளிநாட்டில்தான் இருக்கிறது.

ஏனென்றால் என் அத்தை மகன் ஒரு காகித அனாதை.

அத்தைக்கு மூன்று பிள்ளைகள். மாமா ஆண்டுக்கு ஆறேழு மாதம் செங்கல் சூளைக்குப் போவார், மீதி நாளில் ஏரிக்கரை நிலங்களில் கூலி. 2002-ல் அவருக்கு டி.பி. வந்தது. சூளை முதலாளியிடம் வாங்கிய முன்பணம் அடையவில்லை. அந்தச் சமயத்தில் காலனிக்குள் ஒரு வெள்ளை ஜீப் வந்தது. இறங்கியவர் நம் ஆள்தான், பக்கத்து ஊர் காலனிக்காரர். இதைச் சொல்லாமல் விடக் கூடாது. இங்கிலீஷ் மீடியம், மூன்று வேளை சாப்பாடு, காலுக்கு ஷூ என்றார். எங்கள் தெருவில் அன்றைக்கு ஷூ போட்ட பிள்ளை ஒன்றுகூட இல்லை. அத்தை ஒரு தாளில் கைநாட்டு வைத்தாள். ஏழு வயதுப் பையன் ஜீப்பில் ஏறினான். அவனுக்குக் கிடைத்ததே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது.

ஆறு மாதம் கழித்து அதிரசம் சுட்டுத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு அத்தை பார்க்கப் போனாள். கேட்டில் இருந்தவர் நிறுத்தி, "உள்ள வெள்ளைக்காரங்க வந்துகிறாங்க. பெரியம்மான்னு சொல்லிக்கோ, அம்மான்னு சொல்லிடாதே" என்றாராம். அத்தை பெரியம்மாவாக உள்ளே போனாள். பையனும் "பெரியம்மா" என்றுதான் கூப்பிட்டான். நன்றாகப் பழக்கியிருந்தார்கள்.

பின்னொரு லீவில் அவன் ஊருக்கு வந்தபோது, இல்லம் வெளிநாட்டுக்கு அனுப்பும் செய்தி மடலின் ஒரு பிரதி அவன் பையில் இருந்தது. அவன் படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் நாலு வரி. தகப்பன் இறந்துவிட்டான், தாய் கைவிட்டுப் போய்விட்டாள் என்று போட்டிருந்தது. மாமா என்னைப் படிக்கச் சொன்னார். படித்துத் தமிழில் சொன்னேன். அரசாங்க ஆஸ்பத்திரி மாத்திரையில் தேறி, அப்போது அவர் திரும்பவும் சூளைக்குப் போய்க்கொண்டிருந்தார். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "நான் செத்துட்டேனாடா?" என்று கேட்டார்.

அந்த இல்லத்தின் பெயர் இங்கே வேண்டாம். அது இன்று இல்லை. அது ஒன்று மட்டும் கெட்ட இல்லம் என்ற நினைப்பையும் நான் வளர்க்க விரும்பவில்லை. அங்கே சோறு போட்டார்கள், அடிக்கவில்லை, பாடமும் நடந்தது. அவனே அப்படித்தான் சொல்கிறான். என் கேள்வி அந்தத் தாளைப் பற்றியது.

எங்கள் மாவட்டத்துக்கும் இந்த விவகாரத்துக்கும் உள்ள உறவு பழையது. 2007-ல் மாமல்லபுரத்து அனாதை இல்லங்களில் பிள்ளைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளாகிறார்கள் என்று வந்த ஒரு கட்டுரையைச் சுட்டிக்காட்டி ஒருவர் உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். நீதிமன்றம் அதையே மனுவாக எடுத்துக்கொண்டது. அன்று மாமல்லபுரம் காஞ்சிபுரம் மாவட்டம்தான், 2019-ல்தான் செங்கல்பட்டு பிரிந்தது. 'தமிழ்நாட்டு அனாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டல்' என்பதே அந்த வழக்கின் பெயர். சட்டம் படிக்கும் மாணவர்கள் இந்தியா முழுக்க நம் மாநிலத்தின் பெயரோடு சேர்த்துத்தான் இதைப் படிக்கிறார்கள். தீர்ப்பு வர பத்தாண்டு ஆனது. 2017 மே 5 அன்று நீதிபதி மதன் பி. லோகுர் தலைமையிலான அமர்வு, எல்லாக் குழந்தை இல்லங்களும் அந்த ஆண்டு இறுதிக்குள் பதிவு செய்யப்பட வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் திட்டம் வேண்டும், சமூகத் தணிக்கை வேண்டும், இல்லத்தில் அடைப்பதே ஒரே வழி என்று இருக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. அந்தச் சமயத்தில் ஒன்றிய அரசின் குழந்தைகள் நல அமைச்சகம் எடுத்த கணக்கில் நாடு முழுவதும் 9,589 இல்லங்கள் இருந்தன. அவற்றில் சிறார் நீதிச் சட்டப்படி பதிவு பெற்றவை 32 விழுக்காடு. மூன்றில் ஒன்றுகூட இல்லை.

இன்னொரு எண்ணிக்கை இதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன். கொரோனா பெருந்தொற்று வந்தபோது இல்லங்களில் இருந்த பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் சொல்லப்பட்ட கணக்குப்படி, சுமார் 2.27 லட்சம் பிள்ளைகளில் 1.45 லட்சத்துக்கும் மேற்பட்டோர் குடும்பத்திடமோ பாதுகாவலரிடமோ ஒப்படைக்கப்பட்டிருந்தார்கள். அனாதைகளை எந்த வீட்டுக்கு அனுப்ப முடியும்? அவ்வளவு பேருக்கு வீடு இருந்தது. அம்மாவோ அப்பாவோ பாட்டியோ இருந்தார்கள். இல்லாமல் இருந்தது காசு. ஆக, 'அனாதை இல்லம்' என்று நாம் சொல்லிவருவதில் பெரும்பகுதி ஏழைப் பிள்ளைகளின் இல்லம். எந்தச் சாதியின் ஏழைகள் என்பதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அரசின் எந்த அறிக்கையிலும் அந்தக் கேள்வி முன்பக்கத்துக்கு வருவதில்லை.

எங்கள் பக்கத்து நிலவரத்தைக் கொஞ்சம் சொல்கிறேன். 1891-ல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் இந்த வட்டாரத்துப் பறையர்களின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதி, அதன் பேரில் பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டது. அந்த நிலம் எங்கே போனது என்று கேட்டதற்காக 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள். நிலம் போனால் சூளை, அரிசி ஆலை, மரம் வெட்டு. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரைக் கொத்தடிமைகளாக மீட்டார்களே, இருளர்கள், அவர்களில் பிள்ளைகளும் இருந்தார்கள். முன்பணத்துக்குக் குடும்பமே அடகாகும் இடத்தில் பிள்ளையை யாராவது படிக்க வைக்கிறேன் என்று கூப்பிட்டால் தாய் என்ன சொல்வாள்? ஜீப்புக்கு அவளே வழிகாட்டுவாள். இதைத் 'தாயே ஒப்புக்கொண்டு கொடுத்தது' என்று பதிவேட்டில் எழுதிக்கொள்கிறார்கள். ஐக்கிய நாடுகள் அவையின் 2000-ஆம் ஆண்டு ஆள்கடத்தல் தடுப்பு நெறிமுறைப்படி, சுரண்டலுக்காகக் குழந்தையைத் திரட்டினால் ஒப்புதல் என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்தியா 2011-ல் அதை ஏற்று ஒப்பமிட்டிருக்கிறது.

இனி அந்தத் தாள் பின்னால் என்ன செய்கிறது என்று பார்ப்போம். வெளிநாட்டுக்காரர்களின் அறிக்கைகள் எதிலும் இல்லாத பகுதி இது.

அத்தை மகன் 2010-ல் ஊருக்கே திரும்பி வந்துவிட்டான். மாற்றுச் சான்றிதழில் தந்தை பெயர் இல்லை, பாதுகாவலர் என்ற இடத்தில் இல்ல நிர்வாகியின் பெயர். சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தால் தகப்பன் சான்றிதழைக் கொண்டு வா என்கிறார்கள். தகப்பன் நேரிலேயே நிற்கிறார், சான்றிதழும் கையில் இருக்கிறது, ஆனால் இவர்தான் உன் தகப்பன் என்பதற்கு என்ன ஆதாரம் என்கிறார்கள். இரண்டு வருடம் அலைந்தோம். அதற்குள் பிளஸ் டூ முடிந்து, உதவித்தொகை போய், அவன் ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளி ஆகிவிட்டான்.

நிர்வாகி ஒருவரின் அலட்சியம் என்று இதை விட்டுவிடலாம்தான். ஆனால் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, வேறு ஆதரவு இல்லாமல், அரசோ அரசின் அங்கீகாரமோ பெற்ற இல்லத்தில் சேர்க்கப்பட்ட பிள்ளைகள் அதில் ஓர் இனமாக இருக்கிறார்கள். சாதி தெரியாத பிள்ளைக்கும் இடஒதுக்கீடு வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் வந்தது அது, உண்மையான அனாதைக்கு நியாயமானதும்கூட. ஆனால் சேரியிலிருந்து தூக்கிவரப்பட்ட காகித அனாதைக்கு அதன் பொருள் வேறு. ஆதிதிராவிடர் பிள்ளை ஒரு பேனாக் கோட்டில் 18 விழுக்காட்டை விட்டு வெளியே போகிறது. இருளர் பிள்ளை பழங்குடிப் பட்டியலை விட்டுப் போகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அதோடு போகிறது. இல்லம் பிள்ளையைக் கிறிஸ்தவர் என்று எழுதியிருந்தால் வேறு வழியாகவும் அதே இடத்துக்கு வந்து சேரும், ஏனென்றால் ஆதிதிராவிடரிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் இங்கே பிற்படுத்தப்பட்டோர். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை செய்த அநியாயம் அது. ஆக, கடத்தலில் பிள்ளை இழப்பது தாயை மட்டும் அல்ல. தாய் வழியாக வரும் சட்ட உரிமையையும் சேர்த்து இழக்கிறது.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அனாதை இல்லம் என்ற பேச்சை எடுத்தாலே 'மதமாற்றம்' என்று குதிக்க ஒரு கூட்டம் காத்திருக்கிறது. அவர்களுக்கு ஜீப் வந்தது பிரச்சினை இல்லை, ஜீப்பில் சிலுவை இருந்ததா என்பதுதான் பிரச்சினை. சூளையில் அந்தப் பிள்ளை மண் மிதித்தபோது இந்து தர்மம் எங்கே போயிருந்தது என்று அவர்களைக் கேளுங்கள். இல்லம் மடத்துக்குச் சொந்தமானாலும் சபைக்குச் சொந்தமானாலும் அறக்கட்டளைக்குச் சொந்தமானாலும் எனக்கு ஒரே அளவுகோல்தான். உயிரோடு இருக்கும் தாயைத் தாளில் சாகடித்தார்களா, இல்லையா?

சரி, சாகடித்தவர்கள் மேல் இன்றைய சட்டத்தில் என்ன வழக்குப் போடலாம்? சிறார் நீதிச் சட்டம் 2015-ன் 41-ஆம் பிரிவு இல்லங்களைப் பதிவு செய்யச் சொல்கிறது. செய்யாவிட்டால் 42-ஆம் பிரிவுப்படி ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். பதிவு செய்துவிட்டுப் பொய் எழுதினால்? 81-ஆம் பிரிவு குழந்தையை விற்பதையும் வாங்குவதையும் தண்டிக்கிறது. இங்கே விற்பனை என்று காட்ட முடியாது, அத்தைக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவு ஆள்கடத்தலுக்கானது. சுரண்டல் என்றால் பாலியல் சுரண்டல், அடிமைத்தனம், பிச்சை எடுக்க வைத்தல், உறுப்பு எடுத்தல் என்று அடுக்குகிறது. ஒரு பிள்ளையின் முகத்தைக் காட்டி நன்கொடை திரட்டுவது அந்த அடுக்கில் இல்லை. பிள்ளையே கைநீட்டினால் பிச்சை, பிள்ளையைக் காட்டி நிர்வாகி கைநீட்டினால் தொண்டு! போலி ஆவணம் என்று வழக்குப் போடலாம் என்று வழக்கறிஞர் நண்பர் ஒருவர் சொன்னார். போடலாம்தான். அது தாளுக்கு இழைத்த குற்றமாகத்தான் விசாரிக்கப்படும்.

பொய்த் தாள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. 1990களில் வட சென்னைக் குடிசைப் பகுதிகளில் காணாமல் போன பிள்ளைகள், மலேசியன் சோஷியல் சர்வீசஸ் என்ற தத்து முகமை வழியாக, தாயே விட்டுக்கொடுத்ததாகக் காட்டும் ஆவணங்களோடு வெளிநாடுகளுக்குப் போனதாக 2005-ல் காவல் துறை கண்டுபிடித்தது. ஆஸ்திரேலியா, நெதர்லாந்து வரை போயிருந்தார்கள். வழக்கு பிறகு சி.பி.ஐ.க்குப் போனது. அடுத்து திருச்சி. உசிலம்பட்டிப் பகுதியில் சிசுக்கொலையிலிருந்து காப்பாற்றப்பட்டவர்கள் என்று சொல்லி மோசே மினிஸ்ட்ரிஸ் இல்லத்தில் வளர்க்கப்பட்ட 89 பெண் பிள்ளைகளுக்காக 2015-ல் சேஞ்ச் இந்தியா அமைப்பு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனது. பெற்றோரைக் கண்டுபிடிக்க மரபணுச் சோதனைக்கே நீதிமன்றம் உத்தரவிட வேண்டி வந்தது. சேர்க்கும் அன்றைக்கு ஊரும் பேரும் உண்மையாக எழுதியிருந்தால் அந்தச் சோதனைக்கு என்ன வேலை?

ஆஸ்திரேலியா அந்த அறிக்கைக்குப் பிறகு 2018-ல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தது. அனாதை இல்லக் கடத்தலை நவீன அடிமைமுறையின் ஒரு வடிவமாக அங்கே பேசத் தொடங்கியது பெரிய விஷயம், மறுக்கவில்லை. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபையும் குழந்தை உரிமைத் தீர்மானத்தில் இந்த வியாபாரத்தைத் தொட்டது. ஆனால் ஆஸ்திரேலியச் சட்டம் ஆண்டுக்கு 10 கோடி டாலர் வருவாய்க்கு மேல் உள்ள நிறுவனங்களை அறிக்கை கொடுக்கச் சொல்கிறது, அவ்வளவுதான். ஒரு சின்ன ஊர்ச் சபையார் மாதாமாதம் அனுப்பும் பணத்தை அது தொடாது. கொடுப்பவனின் மனசாட்சியை அந்த நாட்டுச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும். ஆள் பிடிப்பவனையும் தாள் எழுதுபவனையும் பிடிக்க வேண்டிய சட்டம் இங்கேதான் வர வேண்டும். 2018 ஜூலையில் மக்களவையில் நிறைவேறிய ஆள்கடத்தல் மசோதா மாநிலங்களவைக்குப் போகாமலே காலாவதியானது. 2021-ல் வந்த வரைவு வரைவாகவே கிடக்கிறது. ஒன்றிய அரசுக்காகக் காத்திருக்க வேண்டுமா? 2014-ல் விடுதிகளையும் இல்லங்களையும் ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு தனிச் சட்டம் போட்டதே. பெற்றோரோ உறவினரோ உள்ள பிள்ளையைப் பொய்ப் பதிவின் மூலம் இல்லத்தில் வைத்து நன்கொடை பெறுவது ஆள்கடத்தல் என்று தெளிவாக எழுதி ஒரு சட்டத்தை இந்தச் சட்டமன்றத்தால் கொண்டுவர முடியும்.

எங்கள் உத்திரமேரூர்க் கல்வெட்டை ஜனநாயகத்தின் தாய் என்று பிரதமர் முதல் எல்லோரும் கொண்டாடுகிறார்கள். நிலமும் சொந்த மனையும் வேதப் படிப்பும் உள்ளவனுக்குத்தான் அந்தக் குடவோலையில் பெயர் என்பதைச் சொல்ல மாட்டார்கள். ஆனால் அதில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது. பிராமண சபை தனக்குத்தானே போட்டுக்கொண்ட அந்த விதியை ஆயிரம் ஆண்டு கழித்து இல்ல நிர்வாகிகளுக்காவது போடலாம். ஓர் இல்லத்தை மூடினால் அதே குடும்பம் வேறு பெயரில் அடுத்த தாலுகாவில் திறக்கிறது.

இல்லங்களை எல்லாம் இழுத்து மூடு என்று நான் சொல்லவில்லை. நம் இயக்கமே பிள்ளைகளை வளர்த்திருக்கிறது. திருச்சி நாகம்மையார் இல்லத்துப் பிள்ளைகளுக்குப் பெரியார், மணியம்மையார் பெயர்களே முன்னெழுத்து. யாரும் இல்லாத பிள்ளைக்குப் பெயர் கொடுத்த செயல் அது, இருக்கிற தகப்பனின் பெயரை அழித்ததல்ல. என் முனைவர் பட்ட ஆய்வு ஒடுக்கப்பட்ட மாணவர் விடுதிகளின் வரலாறு. சகஜானந்தர் 1916-ல் சிதம்பரத்தில் தொடங்கிய நந்தனார் கல்விக் கழகமும் அம்பேத்கர் 1925-ல் சோலாப்பூரில் நடத்திய விடுதியும் ஏழைப் பிள்ளையை வீட்டைவிட்டு அழைத்து வந்துதான் படிக்க வைத்தன. ஆனால் அங்கே பிள்ளை அனாதையாகப் போகவில்லை, மாணவனாகப் போனது. லீவு விட்டால் ஊருக்கு வரும்.

அந்த விடுதிகளின் வாரிசுகள்தான் இன்றைய ஆதிதிராவிடர் நல விடுதிகள். 2025 ஜூலையில் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றினார்கள், மகிழ்ச்சி. பள்ளி மாணவருக்கு உணவுப் படி 2023-ல்தான் மாதம் 1,400 ரூபாய் ஆனது. ஒரு நாளைக்கு 47 ரூபாய்கூட வரவில்லை, மூன்று வேளைக்கும் சேர்த்து. கழிவறைக்குக் கதவு இல்லாத விடுதியையும், படம் போட்ட சுவரோடு இருக்கும் இல்லத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் தாய் எதைத் தேர்ந்தெடுப்பாள்? அரசு விடுதியை அழுக விட்டுவிட்டுக் கடத்தலைத் தடுக்கிறேன் என்று சொல்ல முடியாது.

வீட்டிலேயே வளர்க்க உதவி உண்டே என்பார்கள். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். நல்ல திட்டம்தான், ஆனால் தாய் விதவையாகவோ கைவிடப்பட்டவளாகவோ இருக்க வேண்டும், அல்லது பெற்றோருக்கு உயிர்க்கொல்லி நோய் இருக்க வேண்டும், இப்படி ஒரு பட்டியல். கிராமத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000-க்குள் இருக்க வேண்டும். கணவனும் மனைவியும் சூளையில் சேர்ந்து கல் அறுக்கும் குடும்பம் இதற்குள் வராது, அவர்களுடைய பிள்ளையைத்தான் ஜீப் தேடி வருகிறது. பருவகாலத்தில் இடம்பெயரும் குடும்பங்களையும் முன்பணத்தில் சிக்கிய குடும்பங்களையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை. ஒன்றிய அரசு செய்யாவிட்டால் அன்புக் கரங்கள் திட்டத்தை மாநில அரசு அந்தப் பக்கம் விரிக்கலாம்.

கிராம அளவில் ஊராட்சித் தலைவர் தலைமையில் குழந்தைப் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும் என்பது ஏற்கெனவே விதி. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் தோழர்கள் ஒரு தீர்மானம் கொண்டு வாருங்கள். இந்த ஊராட்சியைச் சேர்ந்த எத்தனை பிள்ளைகள் எந்தெந்த மாவட்டத்து இல்லங்களில் இருக்கிறார்கள், அவர்களுடைய பதிவில் தாய் தந்தை பெயர் இருக்கிறதா, சாதிச் சான்றிதழ் வாங்கியாகிவிட்டதா என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திடம் கணக்குக் கேட்டு எழுதுங்கள். பிள்ளைகளின் பெயரைச் சபையில் படிக்கக் கூடாது, எண்ணிக்கை போதும். தென்னேரியில் நாங்கள் எழுதப்போகிறோம். மாமாவும் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.